புல்லின் நடத்தைச் சான்று

புல் மூச்சு விட்டதற்கு விளக்கம் கேட்டு ஏசுராஜுக்கு மெமோ வந்தது.

அடையாறில் தூங்குமூஞ்சி மரங்கள் அடைத்த ஒரு தெருவின் கடைசியில் தேசியப் புல்-பயிர் கரிமப் பரிமாற்ற நிறுவனம் இருந்தது. ஆட்டோக்காரர்களுக்கு அது புல்லாபீஸ். மூன்று மாடிக் கட்டடம், ஒரு கருத்தரங்கக் கூடம், அதிகாரிகளுக்கு ஒன்று மற்றவர்களுக்கு ஒன்று என இரண்டு சாப்பாட்டு அறைகள். இத்தனைக்கும் காரணமாக, பின்பக்கம் அரை ஏக்கர் புல். புல்லை ஒட்டி ஒரு கேழ்வரகுப் பாத்தி. நடுவில் இரும்புக் கோபுரம், அதன் உச்சியில் ஒரு கருவி. புல்லும் மண்ணும் காற்றிலிருந்து எவ்வளவு கரியமில வாயுவை உள்ளே இழுக்கின்றன, எவ்வளவை வெளியே விடுகின்றன என்று அரை மணிக்கு ஒரு முறை அந்தக் கருவி அளக்கும். உள்ளே இழுத்தால் கழித்தல் குறி. வெளியே விட்டால் கூட்டல் குறி. கோபுரத்தின் அடியில் உள்ள பெட்டியில் எண்கள் வரிசையாக நிற்கும். அவற்றைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது ஏசுராஜின் வேலை. புல்லுக்குத் தண்ணீர் விடுவதும், வேலிக்கம்பியைக் கட்டுவதும், பாம்பு வந்தால் அடிக்காமல் துரத்துவதும் வேலைப் பட்டியலில் இல்லை. அவற்றையும் அவன்தான் செய்தான்.

நொச்சிக்குப்பத்திலிருந்து பதினொரு வருடமாக வந்துகொண்டிருந்தான். பதினொரு வருடமும் ஒப்பந்தம். இப்போது வயது நாற்பத்தேழு. நாற்பத்தெட்டு முடிந்துவிட்டால் நிரந்தரம் ஆக முடியாது என்பது விதி. அவன் கோப்பு ஒருவழியாக மேலே ஏறி, ஜூன் மாதம் வரப்போகும் மதிப்பீட்டுக் குழுவின் முன்னால் வைக்கப்படக் காத்திருந்தது. கோப்பில் ஒரே ஒரு நிபந்தனை: 'களப்பணியாளரின் நடத்தை, அவர் பொறுப்பில் உள்ள களத்தின் நடத்தையைக் கொண்டு மதிப்பிடப்படும்.'

முதல் ஒன்பது வருடம் களம் நன்றாகவே நடந்துகொண்டது. வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் கழித்தல். கடைசி இரண்டு வருடம் கூட்டல். இழுத்ததைவிட விட்டது அதிகம்.

மெமோவை எடுத்துக்கொண்டு ஏசுராஜ் கண்காணிப்பாளர் வால்டரிடம் போனான். வால்டர் சாந்தோம்காரர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. மேசைமேல் இருந்த எதையும் அவர் அவசியமில்லாமல் தொடுவதில்லை.

"இன்னா சார் இது? புல்லு வுட்டதுக்கு நான் இன்னான்னு எழுதறது?"

"இன்னா மேன் ஏசு, புதுசா கேக்கற? 'வருந்துகிறேன், இனி நடக்காது'ன்னு எழுது. இந்த பில்டிங்ல எல்லாத்துக்கும் அதான் பதில்."

"இனி நடக்காதுன்னு எப்டி சார் எழுதறது? அது நடந்துகினேதானே கீது."

"அது உனக்கும் புல்லுக்கும் உள்ள பிரச்சனை. மெமோவுக்கும் உனக்கும் உள்ள பிரச்சனைக்கு இது பதில்."

ஏசுராஜ் அப்படியே எழுதிக் கொடுத்தான். பிறகு மனசு கேட்காமல் சிம்ராவிடம் போனான். சிம்ரா ஆய்வு மாணவி. நிறுவனத்தில் கோபுரத்தின் எண்களைப் படித்துப் புரிந்துகொள்கிற ஒரே ஆள். அதனால் அவளுக்கு உட்கார இடம் படிக்கட்டுக்குக் கீழே.

"சிம்பிள் அண்ணா. பகல்ல புல்லு இழுக்கும், ராத்திரி விடும். இப்ப ராத்திரி சூடே இறங்க மாட்டேங்குது, அதனால விடறது ஜாஸ்தி. பகல்ல வெயில் தாங்காம இலை தன் துவாரத்தை மூடிக்குது, அதனால இழுக்கறது கம்மி. அப்புறம் காய்ஞ்சு கெடக்கிற மண்ணுல திடீர்னு மழை கொட்டினா, உள்ள இருக்கிற கிருமியெல்லாம் ஒரே நேரத்துல முழிச்சு மூச்சு விடுது."

"இதுல நான் இன்னா பண்ணலாம்?"

"நீங்களா? ஒண்ணும் பண்ண முடியாது அண்ணா."

"யாரு பண்ண முடியும்?"

சிம்ரா மேலே பார்த்தாள். மேலே படிக்கட்டு இருந்தது.

*

இயக்குநர் டாக்டர் ஸ்ரீவத்சன் அவசரக் கூட்டம் கூட்டினார். பதினான்கு விஞ்ஞானிகள் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஏசுராஜைக் கதவருகே நிற்க வைத்தார்கள்.

"நம் புல் கரிமத்தை உள்வாங்கும் என்று நாட்டுக்கு எழுத்துமூலம் வாக்குக் கொடுத்திருக்கிறோம்" என்று ஆரம்பித்தார் இயக்குநர். "வாக்குக் கொடுத்தபோது புல்லைக் கலந்து ஆலோசிக்கவில்லை என்று சிலர் குறை சொல்லலாம். எந்தத் திட்டத்தில் யாரைக் கலந்து ஆலோசித்திருக்கிறோம்?"

பதினான்கு தலைகளும் ஆமோதித்து ஆடின. அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"எங்காத்து வாசல்ல, அபிராமபுரத்துல, நானே ஒரு துண்டு புல் வெச்சிண்டிருக்கேன். அது இப்படியெல்லாம் பண்றதில்லையே. ஏம்ப்பா, இது எப்போ ஜாஸ்தியா விடறது?"

"ராத்திரில சார்" என்றான் ஏசுராஜ்.

"நம்ம ஆபீஸ் எத்தனை மணி வரை?"

"அஞ்சே முக்கால் சார்."

அறையில் ஒரு வெளிச்சம் பரவியது. அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது. 'இரவில் நிகழும் உமிழ்வு அலுவல் நேரத்துக்கு வெளியே, முன் அனுமதியின்றி நிகழ்வது. அதற்கு நிறுவனம் பொறுப்பல்ல. இனிக் காலை பத்து முதல் மாலை ஐந்தே முக்கால் வரை உள்ள எண்கள் மட்டுமே பதிவேட்டில் ஏறும்.'

ஒரே நாளில் புல் திருந்திவிட்டது. கூடத்தில் கேசரி கொடுத்தார்கள்.

ஏப்ரல் வந்ததும் நடுப்பகலிலும் கூட்டல் எட்டிப் பார்த்தது. ஊழியர்களுக்கு உணவு இடைவேளை இருக்கும்போது புல்லுக்கு மட்டும் மறுப்பது முறையல்ல என்று ஒரு குழு கண்டறிந்து, பன்னிரண்டரை முதல் இரண்டு வரை நீக்கியது. அந்த ஒன்றரை மணி நேரம் போதவில்லை என்று தெரிந்ததும் பிற்பகல் முழுவதையும் அரை நாள் விடுப்பாக எழுதிக்கொண்டார்கள். சனி, ஞாயிறு விடுமுறை. கோடை மழை திடீரென்று கொட்டிய அன்று கருவி துள்ளியது. அந்த நாள் உள்ளூர் விடுமுறையாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு முன்தேதியிடப்பட்டிருந்தது. ஏசுராஜ் அன்று வேலை செய்ததற்கான கையெழுத்தை அவனே வந்து கோடு போட்டு அடித்துக் கொடுத்தான்.

அடுத்து கேழ்வரகு. அது நன்றாக விளைந்து கதிர் தலை சாய்ந்திருந்தது. அறுக்க அரிவாளோடு போனவனை வால்டர் கூப்பிட்டார்.

"நிறுத்து மேன். ஆர்டர் வந்திருக்கு. அறுத்துக் கொண்டுபோனா அதுல இருக்கற கரிமமும் களத்தை வுட்டு வெளிய போன மாதிரி. கணக்குல நட்டம்."

"அறுக்காம வுட்டா சார்?"

"களத்துலயே இருக்கும். லாபம்."

"அழுகிப்பூடுமே சார். அழுகினா மொத்தமும் காத்துலதானே போவும்."

"அது அடுத்த வருஷத்து ரிப்போர்ட்."

கேழ்வரகு நின்றது. கிண்டிப் பக்கமிருந்து கிளிகள் வந்தன. தானியத்தோடு கரிமம் பறந்து வெளியேறுவதைக் கவனித்த நிர்வாகம், 'அனுமதியின்றி உட்கொள்ளக் கூடாது' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் பலகை வைத்தது. கிளிகள் பலகையின் மேல் உட்கார்ந்து தின்றன. மிஞ்சியது கருத்துச் சாய்ந்தது. பாத்திப் பக்கம் போனால் புளித்த வாடை வந்தது. ஏசுராஜுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. விளைந்த கதிரை நிற்க வைத்தே சாகடிப்பதற்கு ஒரு கோப்பு எண் இருந்தது என்பதைத் தவிர அதில் அவனுக்கு எதுவும் விளங்கவில்லை.

*

மே மாதம் காலைப் பத்தேகாலிலிருந்து பதினொன்றேகால் வரையிலான ஒரு மணி நேரம் மட்டும் மிச்சம் இருந்தது. அதிலும் கூட்டல் வந்தபோது, கழிக்க நேரம் இல்லாமல் போயிற்று. ஆகவே உண்மையைத் தேட 'அயல் மூச்சு ஆய்வுக் குழு' அமைக்கப்பட்டது. தவறு புல்லிடம் இல்லை, புல்லுக்கு அருகே யாரோ மூச்சு விடுகிறார்கள் என்பது குழு கூடுமுன்பே எடுத்த முடிவு.

புல்லுக்கு அருகே போகிறவன் ஒருவன்தான்.

வேலியிலிருந்து பெட்டிக்குப் பதினான்கு காலடி தூரம். மூச்சை அடக்கிக்கொண்டு போய், எண்ணைப் பார்த்துவிட்டு, மூச்சு விடாமல் திரும்பி வரவேண்டும் என்று அவனுக்கு அறிவுறுத்தப்பட்டது. சிறுவயதில் அப்பாவோடு கட்டுமரத்தில் போய்க் கடலில் முங்கியவன் என்பதால் முதல் வாரம் சமாளித்தான். இரண்டாவது வாரம் வெயிலில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒருநாள் பெட்டியைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்த இடத்தில் நன்றாக நாலு மூச்சு விட்டான். அதற்கு ஒரு மெமோ.

வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. அவன் மனைவி ஜெனிதா கடற்கரைச் சாலை ஓரத்தில் மீன் விற்றாள். வஞ்சிரத்துக்கு ஐஸ் போட்டுக்கொண்டே அவனைப் பார்த்தாள்.

"இன்னாய்யா, மூஞ்சிய உப்பிகினு நிக்கற? காத்த முழுங்குன பேத்த மீனு மாதிரி."

"பழகறேன்."

"இன்னாத்த?"

"மூச்சு வுடாம வேலை செய்ய."

ஜெனிதா கத்தியைக் கீழே வைத்தாள். "இத்தினி வருசம் மூச்சு வுட்டுகினு செஞ்சதுக்கே நிரந்தரம் பண்ணல. வுடாம செஞ்சா பொணம்னு சொல்லி அனுப்பிருவாங்கய்யா." பக்கத்துக் கடைக்காரி சிரித்தாள். ஜெனிதா சிரிக்கவில்லை. "ஜூன்ல ஆவுமா, ஆவாதா? அத்த மட்டும் சொல்லு."

"புல்லு கையில கீது."

"புல்லு கையில வாழ்க்கைய குட்த்துட்டு வந்து நிக்குது பாரு" என்று அவள் வஞ்சிரத்திடம் சொன்னாள்.

அந்த வாரக் கடைசியில் படிவம் வந்தது. நிறுவனத்தில் உள்ள அனைவரும் அலுவல் நேரத்தில் தாம் விடும் மூச்சின் எண்ணிக்கையைத் தெரிவித்துக் கையெழுத்திட வேண்டும். வால்டர் தன் படிவத்தில் 'பொருந்தாது' என்று எழுதி மடித்து வைத்தார். இயக்குநரின் படிவத்தில் அவருடைய செயலாளர் 'பொருந்தாது' என்று எழுதினார். பதினான்கு விஞ்ஞானிகளும் பொருந்தாது. ஓட்டுநர்களுக்கும் சமையலறைக்கும் யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சிம்ரா மாணவி, ஊழியர் பட்டியலில் இல்லை என்பதால் அவளுக்குப் படிவமே வரவில்லை.

ஏசுராஜ் எண்ணினான். ஒரு முழு நாள், பழைய பதிவேட்டின் பின்பக்கத்தில் ஐந்தைந்தாகக் கோடு போட்டு எண்ணினான். பதினொரு வருடத்தில் ஒரு எண்ணைக்கூட அவன் உத்தேசமாக எழுதியதில்லை. அது ஒன்றுதான் அவனிடம் இருந்த பெருமை. 7,216 என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டான்.

வால்டர் படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"ஏன் மேன் இப்டி பண்ண?"

"சரியாத்தான் சார் எண்ணிக்கீறேன். ரெண்டு தபா சரி பாத்தேன்."

"அதான் கேக்கறேன்."

*

ஜூன் மாதம் மதிப்பீட்டுக் குழு வந்தது. புல்லைப் பார்க்க வந்தவர்களுக்கு வெயில் படக்கூடாது என்று புல்லின் மேலேயே பந்தல் போட்டார்கள். அதனால் புல்லுக்கும் வெயில் படவில்லை. எழுபது நாற்காலிகள். சிவப்புக் கம்பளம். அந்தப் பகுதியில் மின்வெட்டு என்பதால் கோபுரத்துக்கு நாலடி தள்ளி டீசல் ஜெனரேட்டர். குத்துவிளக்கில் ஐந்து திரி. ஏசுராஜை மட்டும் வேலிக்கு வெளியே, வாசல் பக்கம் புதிதாக அடித்த மஞ்சள் கோட்டுக்கு அப்பால் நிற்க வைத்தார்கள். அவன் மூச்சால் அன்றைய எண் கெட்டுவிடக் கூடாது.

இயக்குநர் ஐம்பது நிமிடம் பேசினார்.

"இருபது வருடத்தில் இந்த நிறுவனம் என்ன செய்தது என்று கேட்கிறார்கள். உலகம் சூடாகிறது என்று உலகத்துக்குத் தெரிவதற்கு முன்பே நாங்கள் குளிர்சாதனம் பொருத்தினோம். புல்வெளியும் வயலும் தாம் வாங்கிய கரிமத்தைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டன என்று சிலர் அச்சமூட்டுகிறார்கள். இங்கே அப்படி எதுவும் இல்லை. இருந்த நேரங்களை எல்லாம் நீக்கிவிட்டோம். இன்று எங்கள் அளவீடு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டுமே. அந்த ஒரு மணி நேரத்தின் தூய்மைக்காக நான் எதையும் தியாகம் செய்யத் தயார். யாரையும்."

எழுபது பேரும் கைதட்டினார்கள். கருவி அந்த அரை மணி நேரத்தை அளந்து பெட்டிக்கு அனுப்பியது. கோபுரம் நட்ட நாளிலிருந்து அப்படி ஓர் எண் வந்ததில்லை. பெட்டியில் அந்த எண்ணுக்கு இடம் போதாமல் கடைசி இலக்கம் வெட்டுப்பட்டு நின்றது. கூட்டல்.

குழுத் தலைவர் குனிந்து பார்த்தார். "இது என்ன?"

சிம்ரா பின்வரிசையிலிருந்து எழுந்தாள். "சார், அது ஜெனரேட்டரும், நாமளும். ஆனா நாம இல்லாதப்பவும் பிளஸ்தான் சார். ராத்திரி சூடு…"

"உட்காரும்மா" என்றார் இயக்குநர் அன்பாக. "உன் ஆய்வேட்டில் எழுது. யாரும் தடுக்க மாட்டோம். யாரும் படிக்கவும் மாட்டோம்."

கோப்புகள் வரவழைக்கப்பட்டன. அயல் மூச்சுப் படிவங்கள் நூற்றெட்டு. நூற்றேழில் பொருந்தாது. ஒன்றில் 7,216. குழுத் தலைவர் நீதிபதியாக இருந்தவர். ஆதாரம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். இத்தனை பெரிய நிறுவனத்தில் மூச்சு விடுவதாக எழுத்துமூலம் ஒப்புக்கொண்டவர் ஒருவர்தான். அதுவும் கையெழுத்தோடு. அதுவும் தினமும் புல்லருகே.

மஞ்சள் கோட்டுக்கு அப்பால் இருந்து ஏசுராஜ் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சு காதில் விழவில்லை. தன் கோப்பைக் கையில் எடுப்பது தெரிந்தது. நிரந்தரம் ஆகிவிட்டது என்று நினைத்தான்.

ஒருவகையில் நிரந்தரம்தான். உத்தரவு இப்படி இருந்தது: 'களத்தின் நடத்தை குறைபாடற்றது எனச் சான்றளிக்கப்படுகிறது. கூடுதல் உமிழ்வுக்கு மூலம் ஒப்பந்தக் களப்பணியாளர் ஏசுராஜ் எனக் கண்டறியப்பட்டு, அந்த மூலம் நிரந்தரமாக நீக்கப்படுகிறது. இதனால் நிறுவனத்தின் உமிழ்வு நாளொன்றுக்கு 7,216 மூச்சு குறைகிறது.' நீக்கப்பட்டவர் மீண்டும் வளாகத்தில் மூச்சு விடவில்லை என்பதை உறுதி செய்ய, மூன்று மாதத்துக்கு ஒரு முறை நேரில் வந்து, தாம் வேறிடத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருப்பதாகச் சான்று தரவேண்டும்.

வால்டர் உத்தரவை இரண்டு கையாலும் கொடுத்தார். "அப்பவே சொன்னேன்" என்று சொல்ல வாயெடுத்தவர் சொல்லவில்லை. அதுவே அந்தக் கட்டடத்தில் ஏசுராஜுக்குக் கிடைத்த பிரிவுபசாரம்.

*

செப்டம்பரில் அவன் சான்றோடு போனான். காலை முழுக்க ஜெனிதாவுக்கு மீன் கூடை தூக்கிய கை இன்னும் நாறியது. பத்து மணிக்கே சட்டை முதுகில் ஒட்டியது. முன்பெல்லாம் பதினொன்றுக்குள் வந்துவிடும் கடற்காற்று இப்போது எப்போது வரும் என்று அவன் குப்பத்தில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

காவலாளி அவனை மஞ்சள் கோட்டில் நிறுத்தினான். வால்டர் விடுப்பில் இருந்ததால் சான்றை வாங்க சிம்ரா வந்தாள். இளைத்திருந்தாள். கையில் பதிவேடு.

"நீதான் எழுதறியாம்மா இப்ப?"

"ஆமாண்ணா. ஊழியர் பட்டியல்ல சேத்துட்டாங்க. ஒப்பந்தம்."

"நல்லது. புல்லு எப்டி கீது?"

"பாதி காஞ்சிடுச்சு. டைரக்டர் டெல்லி போய் விருது வாங்கிட்டு வந்தார். ஒரு உமிழ்வு மூலத்தை முழுசா ஒழிச்ச ஒரே நிறுவனம் நாமதானாம்." காவலாளி பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டாள். "நீங்க போனப்புறமும் பிளஸ்தாண்ணா. இன்னிக்கி காலைலயும் பிளஸ்."

ஏசுராஜ் தலையாட்டினான். அவனுக்கு அதில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. பதினொரு வருடம் பார்த்த புல். அதற்கு மூச்சு முட்டுகிறது. அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது.

சிம்ரா பதிவேட்டுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தாள். அவனுக்கு அதைப் பார்த்ததும் தெரிந்தது. அயல் மூச்சுப் படிவம்.

"நேத்து குடுத்தாங்க. இன்னிக்கி சாயந்தரத்துக்குள்ள தரணும்."

"எண்ணிட்டியா?"

"எண்ணாமலே கணக்கு போடத் தெரியும் எனக்கு."

"போடாத. 'பொருந்தாது'ன்னு எழுதிக் குட்த்துரு."

"எழுதலாம். நூத்தெட்டு பேரும் அப்படி எழுதிட்டா புல்லு மட்டும்தாண்ணா மிச்சம். அப்பவாவது புல்லைப் பத்திப் பேசித்தானே ஆகணும்?"

ஏசுராஜ் யோசித்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. புளித்த கேழ்வரகு வாடை இன்னும் போகவில்லை.

"புல்லுக்குக் கையெழுத்துப் போட வராதேம்மா" என்றான்.

சிம்ரா தாளைப் பதிவேட்டின் அட்டைமேல் வைத்தாள். பேனாவைத் திறந்தாள். அவள் என்ன எழுதுகிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. எட்டிப் பார்க்கலாம்தான். ஆனால் கோட்டைத் தாண்டித் தலையை நீட்ட அவனுக்கு அனுமதி இல்லை.